மூன்று கரைகளின் பாசி

மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், விக்டோரியா அவெனியூவும் வான் ஹோர்ன் அவெனியூவும் சந்திக்கிற இடத்தைச் சுற்றிப் பிலிப்பீனியர் கடைகளும் இலங்கை, இந்தியக் கடைகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. 1983க்குப் பிறகு ஊரைவிட்டுக் கிளம்பி வந்த ஈழத்தமிழர் பலர் இந்த நகரத்தில் முதலில் வீடு பிடித்தது இந்த வட்டாரத்தில்தான். வீட்டுவேலைக்கும் தாதி வேலைக்கும் வந்த பிலிப்பீனியப் பெண்கள் பலருக்கும் இதுவே முதல் முகவரி. இந்தக் கடைகளின் குளிர்ப்பெட்டியில் இருக்கும் சாக்லேட் பாலையோ ஐஸ்கிரீமையோ எடுத்துச் சேர்மானப் பட்டியலைப் பார்த்தால், பல சமயம் பொடி எழுத்தில் கராஜீனன் என்ற பெயர் தென்படும். கொக்கோ அடியில் தங்கிவிடாமல் பாலோடு பிடித்து வைக்கிற பசை அது, கடல்பாசியிலிருந்து எடுப்பது. கனடாவின் கிழக்குக் கரை, பிலிப்பீன்ஸின் தென்கோடித் தீவுகள், நம் பாக் நீரிணை என்று மூன்று கரைகள் ஒன்றன்பின் ஒன்றாக இந்தப் பசைக்காகப் பாசி அள்ளிக் காயவைத்து விற்றிருக்கின்றன. ஒரு கரையின் விலையை இன்னொரு கரை அடித்தது என்பது அந்தந்தக் கரையில் தண்ணீரில் நின்றவர்களுக்குத் தெரியாது. அந்தக் கரைகளின் பிள்ளைகள் இன்று ஒரே பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறார்கள்.

பாசியிலிருந்து எரிபொருள் எடுத்துக் கிராமங்களை நிமிர்த்தலாம் என்ற பேச்சு பத்தாண்டுக்கு ஒருமுறை எழுகிறது. கடல்பாசிக்கு விளைநிலம் வேண்டாம், நன்னீர் வேண்டாம், உரம் வேண்டாம். கரியமில வாயுவை உண்டு வேகமாக வளரும். கரையோர மக்கள் கூட்டுறவாகச் சேர்ந்து நடத்தினால் மின்சாரமும் வருமானமும் ஊரிலேயே தங்கும் என்பது அதன் சாரம். ஒவ்வொரு வரியும் தனித்தனியே உண்மைதான். வரிசைதான் தப்பு. இந்தத் திட்டத்தில் முதலில் சரக்கு வருகிறது, சங்கம் பின்னால் வால்போல ஒட்டிக்கொண்டு வருகிறது. மூன்று கரைகளின் வரலாறோ, கடல்மேலும் விற்கிற இடத்திலும் மக்களுக்கு உரிமை இருந்த அளவுக்குத்தான் ஊரில் ஏதாவது தங்கியது என்று காட்டுகிறது. அந்த உரிமை இல்லாத ஊருக்கு எரிபொருள் மிக மோசமான தொடக்கம். பாசியை விற்கக்கூடிய விலைகளிலேயே அடிமட்ட விலை அதுதான்.

கனடியக் கரையிலிருந்து தொடங்கலாம். பிரின்ஸ் எட்வர்ட் தீவின் மேற்குக் கரையில் ஐரிஷ் மாஸ் என்ற செம்பாசி அடர்ந்து வளரும். இரண்டாம் உலகப்போர் வரை உலகத்துக்குப் பெரும்பாலும் அகர் என்ற பாசிப்பசையைக் கொடுத்து வந்த நாடு ஜப்பான். 1941 டிசம்பரில் போர் பசிபிக்குக்குப் பரவியதும் அந்த வழி அடைபட்டது. ஆய்வுக்கூடங்களுக்கும் உணவு ஆலைகளுக்கும் மாற்றுப் பசை தேவைப்பட்டது.  அதனால் தீவின் டிக்னிஷ், மிமினிகாஷ் போன்ற மீனவ ஊர்களில் பாசி ஒரு தொழிலாக எழுந்து நின்றது. புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் குதிரைகளை அலைக்குள் இறக்குவார்கள். குதிரையின் பின்னால் கட்டிய வலைக்கூடை, கரையோரத் தண்ணீரில் மிதக்கும் பாசியை வாரிக்கொண்டு வரும். ஆழமான இடத்தில் படகுக்குப் பின்னால் இரும்பு வாரி இழுபடும். அள்ளியதைச் சாலையோரத்திலும் வயல்வெளியிலும் பரப்பி, புரட்டிப் புரட்டிக் காயவைப்பது பெண்களுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் விழும் வேலை. காய்ந்த பாசியைக் கம்பெனி லாரி வந்து எடுத்துப் போகும். ஊருக்கும் பாசிக்குமான உறவு அத்தோடு முடிந்தது. பசை எடுக்கும் ஆலை எல்லைக்கு அப்பால், அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்து ராக்லண்டில், மரைன் கொலாய்ட்ஸ் என்ற கம்பெனியின் கையில் இருந்தது.

அடுத்து நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். வடக்கு அட்லாண்டிக்கின் காட்டுப்பாசியை மட்டும் நம்பியிருக்க விரும்பாத அதே மரைன் கொலாய்ட்ஸ், 1960களின் நடுவில் ஹவாய் பல்கலைக்கழகத்தின் மேக்ஸ்வெல் டோட்டி என்ற பாசியியலாளருக்குப் பிலிப்பீன்ஸில் ஆய்வு செய்யப் பணம் கொடுத்தது. டோட்டியும் அவரோடு உழைத்த விசென்டே ஆல்வரெஸும் கண்டுபிடித்த முறை எளிமையானது. ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலில் கயிறு கட்டி, பாசித் துண்டுகளை அதில் முடிந்துவிட்டால் ஆறேழு வாரத்தில் பலமடங்கு பெருகிவிடும். 1970களின் தொடக்கத்தில் தாவி-தாவி தீவுகளில் இது பண்ணைத் தொழிலாயிற்று. நன்றாக வளர்ந்த இனத்துக்கு ஆல்வரெஸின் பெயரே பின்னாளில் வைக்கப்பட்டது. ஆண்டு முழுவதும் விளையும் வெப்பமண்டலப் பாசியோடு, கோடையில் மட்டும் கிடைக்கும் குளிர்கடல் பாசியால் போட்டி போட முடியவில்லை. 1970களில் உச்சத்தில் இருந்த பிரின்ஸ் எட்வர்ட் தீவின் பாசித்தொழில் அதன்பின் தேய்ந்துகொண்டே போயிற்று. தங்கள் பாசியை வாங்கிச் சம்பாதித்த கம்பெனியே தங்களுக்குப் போட்டியாளரை உண்டாக்கியது என்பதை மிமினிகாஷ்காரர்கள் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பார்த்திருக்க முடியாது. அந்தப் புத்தகம் அவர்களிடம் இல்லை.

ஆனால் அதே டிக்னிஷில் இன்னொரு சரக்கு வேறு கதையாக முடிந்தது. சிங்கி இறால் பிடிப்பவர்கள் 1920களிலேயே சங்கம் சேர்ந்து, பதப்படுத்தும் ஆலையைத் தங்கள் பெயரில் வைத்துக்கொண்டார்கள். பக்கத்து மாகாணமான நோவா ஸ்கோஷியாவில் 1928ல் செயின்ட் பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகம் தொடங்கிய ஆன்டிகோனிஷ் இயக்கம், மோசஸ் கோடி என்ற பாதிரியாரின் தலைமையில், மீனவக் குடிசைகளில் இரவு வாசிப்புக் குழுக்கள் அமைத்துக் கணக்கும் கடன் சங்கமும் சொல்லிக்கொடுத்தது. டிக்னிஷ் மீனவர் கூட்டுறவு இன்றும் இயங்குகிறது, ஆலை இன்றும் அதன் சொத்து. சிங்கி இறாலுக்கு வெப்பமண்டலப் போட்டி இல்லை, அதனால்தான் பிழைத்தது என்று ஒருவர் சொல்லலாம். அதில் நியாயம் உண்டு. சங்கம் இருந்திருந்தாலும் உலகச் சந்தையில் ஐரிஷ் மாஸ் விலை விழுந்திருக்கும். ஆனால் சங்கம் இருக்கும் ஊர், ஒரு சரக்கு விழுவதைக் கண்டு இன்னொன்றுக்குப் பணத்தை மாற்ற முடியும். லாரிக்குக் காத்திருக்கும் ஊருக்கு லாரி வராத நாளன்றுதான் விஷயம் தெரியவரும்.

நல்ல விலை கிடைத்தால் போதாதா என்பவர்களுக்குக் கோட்-டெ-நெய்ஜே பதில் வைத்திருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், மொன்றியல் தீவின் நிலவுரிமை பெற்றிருந்த சுல்பீசியன் துறவிகள் இங்கே நீளநீளமான பட்டை வயல்களாக நிலத்தைப் பிரித்துக் குடியானவர்களுக்குக் கொடுத்தார்கள். ஓடை ஓடியது, ஓடைக்கரையில் தோல் பதனிட்டார்கள். 1862ல் தனிக் கிராம நகராட்சி ஆயிற்று. அடுத்திருந்த நோத்ர்-டாம்-டெ-கிராஸ் சரிவுகளில் மொன்றியல் முலாம்பழம் விளைந்தது. அமெரிக்க விதை வணிகர் பர்ப்பீ 1880களின் தொடக்கத்திலேயே தன் விலைப்பட்டியலில் அதைச் சேர்த்துக்கொண்டார், பெரிய ஓட்டல்களில் ஒரு துண்டுக்கே கொள்ளை விலை கொடுத்துச் சாப்பிட்டார்கள். விலைக்குக் குறைச்சல் இல்லை. ஆனாலும் 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடிவதற்குள் இரண்டு ஊர்களும் நகரத்தோடு இணைக்கப்பட்டு, வயல்கள் மனைகளாக விலை பேசப்பட்டன. நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பழம் காணாமல் போயிற்று. 1990களில் அமெரிக்காவின் அயோவாவில் ஒரு விதை வங்கியிலிருந்து அதன் விதையைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. பழத்தின் விலையை மண்ணின் விலை முந்திவிட்டது. தனித்தனியாக நின்ற குடியானவர்கள் தனித்தனியாக விற்றார்கள்.

இனி நம் கரை. பாவ்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆய்வு நிறுவனம், ஆல்வரெஸின் பெயர் தாங்கிய பாசியை 1984ல் ஜப்பான் வழியாக இந்தியாவுக்குக் கொண்டுவந்து, குஜராத் கடலில் பழக்கி, பிறகு மண்டபத்துக்கு எடுத்துவந்தது. 2000ல் பெப்சிகோ நிறுவனம் அந்தத் தொழில்நுட்பத்துக்கு உரிமம் பெற்றது. ராமநாதபுரம் கரையில் அந்தப் பாசிக்குப் பெப்சி பாசி என்றே பெயர் நின்றுவிட்டது. 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டம், அதில் இருபது கயிறு, ஒவ்வொரு கயிற்றிலும் சுமார் 150 கிராம் எடையில் இருபது முடிச்சு. மீன் கொறிக்காமல் அடியில் ஒரு வலை. 60 கிலோ விதைப்பாசி கட்டி இறக்கினால் 45 நாளில் 200 கிலோவுக்கு மேல் ஏறும். அதில் ஒரு பங்கை மறு விதைக்கு வைத்துவிட்டு மீதியைக் கரையில் காயவைக்க வேண்டும். பத்துக் கிலோ பச்சைப்பாசி காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும். வேலையில் பெரும்பங்கு மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கையில் இருந்தது. மிதவைக்கு வங்கிக் கடன் கிடைத்தது, வாங்க ஒரே கம்பெனி இருந்தது. 2008ல் அந்தத் தொழில் அக்வாஅக்ரி என்ற நிறுவனத்துக்குக் கைமாறியது. உலர்ந்த பாசி கிலோ நாலரை ரூபாயிலிருந்து 35 ரூபாய் வரை ஏறியது. 2012-13ல் உற்பத்தி 1,500 டன்னைத் தொட்டது. அந்தக் காலத்தில் அந்தக் குடும்பங்களுக்கு இது மெய்யான வருமானம். ஒப்பந்த விவசாயம் என்றாலே சுரண்டல் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது.

அடுத்த இரண்டு ஆண்டில் சரிவு வந்தது. கடல் சூடேறி, நோய் தாக்கி, பாசி வெளுத்து உதிர்ந்தது. உற்பத்தி உச்சத்திலிருந்து சிறு பங்காகக் குறைந்தது. எல்லா மிதவையிலும் இருந்தது ஒரே விதையிலிருந்து வெட்டி வெட்டிப் பெருக்கிய செடி என்பதால், ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வந்தது. அதற்கு முன்பே, 2008ல், குருசடைத் தீவின் பவளப்பாறைகள்மேல் இந்தப் பாசி பரவி மூடுகிறது என்று ஆய்வாளர்கள் எழுதியிருந்தார்கள். 2005லேயே தமிழக அரசு இதை வளர்க்கும் இடத்தைப் பாக் நீரிணைப் பக்கத்துக்கும் தூத்துக்குடிக்குத் தெற்கேயுள்ள கரைக்கும் என்று வரையறுத்திருந்தது. போர் ஓய்ந்தபின் இலங்கையின் வடகரையிலும் இதே பாசி, இதே கயிறு முறையில் வந்து சேர்ந்திருக்கிறது. விதை எங்கிருந்து வரும், எங்கே கட்டலாம், எப்போது நிறுத்தலாம் என்ற மூன்று முடிவுகளும் மிதவை கட்டிய பெண்களுக்கு வெளியே எடுக்கப்பட்டவை. கடன் மட்டும் அவர்கள் பெயரில் இருந்தது.

இந்த இடத்தில் எரிபொருளைக் கொண்டுவந்து வைத்துப் பார்க்கலாம். அமெரிக்க எரிசக்தித் துறை 1978லிருந்து 1996 வரை நீர்வாழ் உயிரினத் திட்டம் என்ற பெயரில் சுமார் 2.5 கோடி டாலர் செலவழித்து நுண்பாசியிலிருந்து டீசல் எடுக்க முயன்றது. எண்ணெய் தாராளமாக வருகிறது, விலைதான் கட்டுப்படியாகாது என்று கண்டு மூடியது. 2009ல் எக்ஸான்மொபில் 60 கோடி டாலர் வரை செலவிடத் தயார் என்று விளம்பரத்தோடு இறங்கி, 2023 தொடக்கத்தில் விலகியது தெரியவந்தது. கனடாவில் ஒன்டாரியோவின் செயின்ட் மேரிஸ் சிமெண்ட் ஆலைப் புகையில் பாசி வளர்த்த பாண்ட் பயோஃபியூல்ஸ், பெயரிலிருந்த எரிபொருளை எடுத்துவிட்டுப் பாண்ட் டெக்னாலஜீஸ் ஆகி ஊட்டச்சத்துப் பொருள்களின் பக்கம் திரும்பியது. சென்னை ஐஐடியில் 2010ல் கடல்பாசி எரிபொருளுக்கென்றே பிறந்த சீ6 எனர்ஜி, இன்று முக்கியமாக விற்பது பயிருக்கான பாசிச் சாறுப் பொருள்களை. இவர்களைக் கேலி செய்ய ஒன்றுமில்லை. கணக்கைப் பார்த்துத் திரும்பினார்கள், அவ்வளவுதான்.

அந்தக் கணக்கு ஒரு காகிதத்தில் அடங்கும். ஒரு கிலோ உலர்ந்த பெப்சி பாசியில் பாதி சர்க்கரையாக மாறும் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். வேதியியல் அனுமதிக்கும் உச்ச அளவில் புளித்தாலும் அதில் கிடைக்கும் எத்தனால் லிட்டரில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் இல்லை. எண்ணெய்க் கம்பெனிகள் அண்மையில் எத்தனாலுக்குக் கொடுத்த விலை லிட்டருக்கு 65 ரூபாயை ஒட்டியது. ஆக 21 ரூபாய். இதில் ஆலைச் செலவு, நொதிச் செலவு, போக்குவரத்து எல்லாம் கழிய வேண்டும். அதே பாசியைக் காயவைத்த நிலையிலேயே பசைக் கம்பெனி பத்தாண்டுக்கு முன்பு 35 ரூபாய்க்கு எடுத்தது. எரிபொருளுக்குச் சந்தை கடல்போல் பெரியது, அளவைக் கூட்டினால் செலவு இறங்கும் என்பது இதற்குச் சொல்லப்படும் மறுப்பு. இறங்கலாம். ஆனால் அந்த அளவுக்குப் போக ஆழ்கடலில் இயந்திரம் நட்டு இயந்திரம் அறுக்கும் பண்ணை வேண்டும். மூங்கில் சட்டத்தில் 400 முடிச்சுப் போடும் பெண்ணுக்கு அங்கே வேலை கிடையாது. நாட்டின் எரிசக்திக் கொள்கைக்கு அது சரியான பாதையாகக்கூட இருக்கலாம். கிராமத்தை நிமிர்த்தும் திட்டம் என்று மட்டும் அதைச் சொல்லக் கூடாது.

இதை முன்கூட்டியே கண்டவர் சி.வி. சேஷாத்ரி. கான்பூர் ஐஐடியில் வேதிப்பொறியியல் கற்பித்துவிட்டுச் சென்னை வந்து, 1977ல் தொடங்கிய முருகப்பச் செட்டியார் ஆய்வு மையத்தை நடத்தியவர். ஒளிச்சேர்க்கையும் எரிசக்தியும் அவருடைய துறை. பாசியும் தெரியும், கிராமமும் தெரியும். அப்படிப்பட்டவர் பாசியை எரிக்கப் பார்க்கவில்லை. சுருள்பாசியை மண் தொட்டிகளில் கிராமத்துப் பெண்கள் வளர்த்துக் குழந்தைகளின் சாப்பாட்டில் சேர்க்கும் முறையை உருவாக்கினார். 1982ல் வெளியிட்ட கட்டுரையில், எரிசக்தியை இயற்பியல் அளக்கிற விதமே உயர்வெப்ப ஆலைக்குச் சாதகமாகவும், மாட்டுக்கும் மனிதனுக்கும் மழைக்கும் பாதகமாகவும் இருக்கிறது என்று வாதிட்டார். அந்த வாதத்தை முழுதாக ஏற்காதவர்கள் உண்டு. எனக்கும் அது சில இடங்களில் இழுத்துக் கட்டியதாகவே படுகிறது. ஆனால், இந்தப் பச்சைப் பொருளுக்கு எந்தப் பயன் இந்த ஊரில் மிக அதிக மதிப்புத் தரும் என்று முதலில் கேட்ட அவருடைய வரிசை சரி.

மறுப்புகளிலேயே கனமானது வேறொன்று. கூட்டுறவு என்று சொல்லிவிட்டால் ஆயிற்றா, தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கம் என்பது அரிசி நிறுக்கும் இடமும் ஆளுங்கட்சிக்காரருக்கு நாற்காலியும்தானே என்பார்கள். இதை மறைக்க முடியாது. ஆனால் சங்கம் எங்கே பிறந்தது என்பதைப் பொறுத்து அதன் குணம் மாறுகிறது. ஃபிரெடெரிக் நிக்கல்சன் சென்னை அரசுக்காக ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1895லும் 1897லும் வந்தது. அதே 1897ல் ஒட்டாவா நாடாளுமன்றத்தில் பிரெஞ்சுப் பேச்சுகளைக் குறிப்பெடுக்கும் வேலையில் இருந்த அல்ஃபோன்ஸ் டெஜார்டன், கந்துவட்டிக் கொடுமை பற்றிய விவாதம் ஒன்றைக் கேட்டார். இருவரும் ஒரே ஜெர்மானிய முன்மாதிரிகளைப் படித்தார்கள். நிக்கல்சனின் விதை 1904ல் சட்டமாக மேலிருந்து இறங்கியது. திரூரில் முதல் கிராமக் கடன் சங்கம் பதிவாயிற்று. டெஜார்டன் 1900 டிசம்பரில் லெவி என்ற ஊரில் அண்டை அயலாரைக் கூட்டிச் சங்கத்தைத் தொடங்கினார். சட்டப் பாதுகாப்பு பல ஆண்டு கழித்துத்தான் வந்தது. முதல் வசூல் 26 டாலர் 40 சென்ட். இன்று வட அமெரிக்காவின் மிகப்பெரிய கூட்டுறவு நிதி நிறுவனம் அதுவே.  நிக்கல்சனைப் பற்றி இன்னொன்று: சென்னை மாகாண மீன்வளத் துறையைத் தொடங்கிவைத்தவரும் அவரே. கடனையும் கடலையும் ஒரே ஆள் கையில் வைத்திருந்தும், நம் கரையில் இரண்டும் சேரவில்லை.

கீழிருந்து பிறந்தது நம் கரையிலும் ஒன்று உண்டு. அதற்கு எரிபொருளோ பெப்சியோ காரணமில்லை. பாம்பன் சின்னப்பாலம் போன்ற ஊர்களின் பெண்கள் தலைமுறைகளாகத் தீவுகளைச் சுற்றி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுப்பவர்கள். சேலைக்குமேல் ஆண்களின் சட்டை, விரல்களில் சுற்றிய துணிப்பட்டை, காலில் ரப்பர் செருப்பு, கண்ணுக்கு முகக்கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. எடுத்தது வியாபாரி வழியாக மதுரை அகர் ஆலைகளுக்குப் போகும். 1986ல் மண்டபம் முதல் தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2000க்குப் பிறகு காவல் இறுகியபோது இந்தப் பெண்கள் பிடிபட்டார்கள், அபராதம் கட்டினார்கள், படகுகளை இழந்தார்கள். அவர்கள் சங்கமாகக் கூடித் தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டார்கள்: மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் பாசி எடுப்பது, இரும்புச் சுரண்டியைத் தொடுவதில்லை, கையால்தான் பறிப்பது, பாசி பெருகும் பருவத்தில் நிறுத்தி வைப்பது. அதை வைத்து அதிகாரிகளிடம் பேசினார்கள். சங்கத்தை முன்னின்று நடத்திய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015ல் சீகாலஜி விருது கிடைத்தது. விலையில் அவர்கள் பெரிதாக எதையும் வெல்லவில்லை. வியாபாரிதான் இன்னும் விலை சொல்கிறார். ஆனால் கடலில் இறங்குவது எங்கள் தொழில் என்ற உரிமையைப் பேச்சுக்குக் கொண்டுவந்தார்கள். பெப்சி பாசி கட்டிய பெண்களுக்குக் கிடைக்காத அந்த மூன்று முடிவுகளில் ஒன்றையாவது, எப்போது நிறுத்துவது என்பதை, இங்கே பெண்களே எடுத்தார்கள்.

கூட்டுறவு வேறொரு பக்கத்திலிருந்தும் இந்தக் கதைக்குள் வந்திருக்கிறது. பெப்சி பாசியைப் பச்சையாகப் பிழிந்தெடுக்கும் சாறு நல்ல பயிர் ஊக்கி. அதைச் சாகரிகா என்ற பெயரில் விற்பது இஃப்கோ; கோடிக்கணக்கான உழவர்கள் பின்னால் நிற்கும் கூட்டுறவு அது. பாசிச் சாற்றை வாங்கும் உழவருக்குச் சங்கம் இருக்கிறது. பாசி கட்டும் பெண்ணுக்கு அந்தச் சங்கத்தில் இடம் இல்லை. வாங்குகிறவர் கூட்டுறவாக இருந்தாலும் விற்கிறவர் தனியாள் என்றால் தராசு அந்தப் பக்கமே சாயும்.

ராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் 127 கோடி ரூபாய்க்குமேல் மதிப்பிட்டுப் பல்நோக்குக் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023ல் அடிக்கல் நாட்டப்பட்டது. விதை வங்கியும் ஆய்வுக்கூடமும் அதில் வேண்டியவைதான். வெளுத்து உதிர்ந்த பாசிக்குப் புது விதை இல்லாமல் எதுவும் நடக்காது. அங்கே முதலில் எழுத வேண்டிய பத்திரம் உலர்களத்துக்கும் எடைமேடைக்கும் உரியது. அது பாசிக்காரப் பெண்களின் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். சாறு பிழியும் இயந்திரமும் அந்தக் களத்துக்குள்ளேயே அமைந்தால், உழவர் கூட்டுறவுக்கு விற்கும் விலையை இவர்களும் உட்கார்ந்து பேசலாம். பாவ்நகர் நிறுவனம் காட்டிய முறையிலேயே முதலில் சாறு, அடுத்துப் பசை; கடைசியில் மிஞ்சும் சக்கையில்தான் எத்தனால் எடுக்க வேண்டும். எரிபொருள் ஆலை என்று ஒன்று அந்தக் கரைக்கு வருமானால், அது அந்தச் சக்கையைச் சங்கத்திடம் விலை பேசி வாங்கிக்கொள்ளட்டும்.